லவோன் வீட்டில் இரண்டு பேர்

ஆர்லன் ட்வெட் ஈரப் புல்லில் முழங்காலை ஊன்றி, இரும்பு மூடியைக் கொக்கியால் நெம்பித் தூக்கினான். உள்ளே தவளை ஒன்று உட்கார்ந்து அவனையே பார்த்தது. நீளமான சாவிக் கம்பியைக் குழிக்குள் இறக்கி வால்வின் தலையில் பொருத்தினான். கால் சுற்று திருப்பினால் போதும், லவோன் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் நின்றுவிடும். பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். இங்கே மழை இல்லை. ஆனால் வடக்கே நான்கு நாளாகக் கொட்டியதெல்லாம் ஆற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தது. தெருக் கோடியில், சோள வயலுக்கு அந்தப் பக்கம் பழுப்பாக மின்னியது. காலையில் பார்த்தபோது வயலுக்கு வெளியேதான் இருந்தது. இப்போது முதல் நான்கு வரிசைச் சோளத்தின் நுனி மட்டும் தெரிந்தது.

"என்னடா, முட்டி போட்டு ஜெபமா பண்றே?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

லவோன் படியில் நின்றுகொண்டிருந்தாள். அவனுடைய அக்கா, ஒன்பது வயது மூத்தவள், எழுபது முடிந்துவிட்டது. கையில் மாவு ஒட்டியிருந்தது. இடது இடுப்பு உடைந்து ஒட்டவைத்தது என்பதால் எப்போதும் வலது காலில் சாய்ந்துதான் நிற்பாள்.

"மூடி துரு ஏறியிருக்கு, வோனி. அதான் பாக்கறேன்."

"துருவாம். மெர்ல் அனுப்பினானா? போய்ச் சொல்லு, நான் நகர மாட்டேன்னு. தண்ணிய நிறுத்தினா ஆத்துல மொண்டுக்கறேன். அதான் வாசலுக்கே வருதே." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "உள்ள வா. ருபார்ப் கேக் அடுப்புல இருக்கு."

அவன் கம்பியை வெளியே எடுத்துப் புல்லில் போட்டான்.

எல்ஸ்டன் ஃபெரி நகராட்சிக்கு முழுநேர ஊழியன் என்று ஒருவன் உண்டென்றால் அது ஆர்லன்தான். தண்ணீர் மீட்டர் படிப்பதும் அவனே, பனி தள்ளுவதும் அவனே, மேட்டிலிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவதும் குழி தோண்டுவதும் அவனே. ஊரின் மேலும் கீழும் அவன் காலடியில் இருந்தது என்று சொன்னால் மிகை இல்லை. மேட்டில் கல்லறை, அதற்குக் கீழே தேவாலயம், அதற்குக் கீழே ரயில் கரை, கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஆற்றுத் தெரு. ஒரு காலத்தில் இந்தத் தெருவில் முப்பத்தெட்டு வீடுகள் இருந்தன. இரண்டு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி இடித்துத் தள்ளியது. இனி எந்தக் காலத்திலும் அங்கே யாரும் கட்டக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டார்கள். வீடுகள் போனாலும் நடைபாதை போகவில்லை. வசந்தம் வந்தால் யாரும் இல்லாத மனைகளில் டூலிப் பூக்கள் வரிசை பிடித்துப் பூக்கும், வேலி இருந்த இடம் அப்படியே தெரியும். அதையெல்லாம் சுற்றி வளைத்துப் புல் வெட்டுவது அவனுக்கு எரிச்சல். ஆனாலும் ஒரு பூவைக்கூட வெட்டியதில்லை.

லவோன் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று ஊருக்கே தெரியும். அவள் மகன் டாரின் பதினாலு வருடம் முன்பு, அப்பாவைப் புதைத்த மறுநாள், அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனவன். முதலில் ஒரு வாழ்த்து அட்டை வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே முகவரி இந்த வீடுதான். வீட்டை இடித்துப் புல் போட்டுவிட்டால், ஒருநாள் திரும்பி வருகிறவன் எந்தக் கதவைத் தட்டுவான்? இதைத்தான் அவள் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள்.

அன்று காலை ஆறரை மணிக்கு, வழக்கம்போல் ஆண்கள் தானியக் கிடங்கு அலுவலகத்தில் காபிக்குக் கூடியிருந்தார்கள். நெடுஞ்சாலைப் பலகையில் ஊரின் மக்கள்தொகை 312 என்று இருக்கிறது. அது ஐந்து வருடம் முன்பு அரசாங்கம் எண்ணியது, அதை யார் மதிக்கிறார்கள்? உண்மைக் கணக்கு அலுவலகச் சுவரில், விதைக் கம்பெனி நாட்காட்டியின் பின்பக்கத்தில், மெர்ல் ஹெக்டின் பென்சில் எழுத்தில் இருக்கிறது. கிடங்கின் மேலாளரும் அவன்தான், ஊரின் மேயரும் அவன்தான். செத்தால் அன்றைக்கே ஒன்றைக் கழிப்பார்கள். பிறந்தால் ஞானஸ்நானம் ஆகும்வரை கூட்ட மாட்டார்கள். கல்லூரிக்குப் போன பிள்ளைகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வருடம் முழுக்கச் சண்டை நடக்கும். ஆனால் ஒரு விதியை மட்டும் யாரும் மீறியதில்லை. ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பதை அந்த வீட்டு ஆள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ரத்த சொந்தம் சொல்ல வேண்டும். அடுத்தவன் வாயால் ஒரு பேரை அடிக்கக்கூடாது.

அதனால் ஆற்றுத் தெரு என்று வரும்போதெல்லாம் மெர்ல் ஆர்லனைப் பார்ப்பான். ஆர்லன் காபிக் கோப்பையைப் பார்த்தபடி "ரெண்டு" என்பான். மெர்ல் எழுதிக்கொள்வான்.

இன்றைக்குக் கேள்வி வேறு மாதிரி வந்தது. வெள்ளத்துக்கு ஒதுங்குகிறவர்களுக்காகத் தேவாலயக் கூடத்தில் கட்டில் போட வேண்டும். "லவோனுக்கு எத்தனை கட்டில்?" என்று மெர்ல் கேட்டான்.

"ரெண்டு போடு. டாரின் வந்தா தரையிலயா படுப்பான்?" என்றான் மூலையில் இருந்த ஒருவன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சொன்னவனே கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மெர்ல் ஆர்லனை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தான். "இங்க பாருப்பா. வெள்ளிக்கிழமை உச்சத்துக்கு வருங்கறாங்க. ஆனா இன்னிக்குச் சாயங்காலமே தெரு முங்கிடும். மத்தியானத்துக்குள்ள வால்வ மூடு. அப்பவாவது கிளம்பறாளா பாப்போம். நாங்க சொன்னா காது குடுக்க மாட்டா. நீ அவ தம்பி. ஏதாவது சொல்லி எழுப்பு."

ஏதாவது. அந்த ஏதாவது ஆர்லனிடம் இருந்தது. நாலு வருடமாக இருந்தது.

நாலு வருடம் முன்பு, பிப்ரவரி. லவோன் பனியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, நாற்பது மைல் தள்ளி மருத்துவமனையில் கிடந்தாள். ஆர்லன் நகராட்சி அலுவலகத்தில் தனியாக இருந்தபோது போன் அடித்தது. நெவாடாவிலிருந்து ஒரு பெண்மணி பேசினாள். அங்கே ஏதோ ஒரு விடுதி அறையில் ஓர் ஆள் நிமோனியாவில் இறந்துகிடந்தானாம். சட்டைப் பையில் காலாவதியான ஓட்டுநர் உரிமம், அதில் ஆற்றுத் தெரு முகவரி. வீட்டு எண்ணுக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள். "இருக்காங்க. நான் தாய்மாமன். நான் சொல்லிடறேன்," என்று இவன் சொன்னான்.

சொல்லியிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்பது சுலபம். அன்று மாலை மருத்துவமனைக்குப் போனான். அவள் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முதல் நாலு அடி வைத்துக் காட்டினாள், குழந்தை மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. நடக்க ஆரம்பிக்கட்டும் என்று நினைத்தான். நடந்தாள். வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தான். வந்தாள். ஈஸ்டர் போகட்டும், டாரின் பிறந்தநாள் போகட்டும், வெயில் வரட்டும். ஒவ்வொன்றும் போனது. ஒருநாள் தள்ளினால் மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம், ஒரு மாதம் தள்ளினால் சொல்லவே முடியாது. இந்த ஊரில் சாவு விழுந்தால் யாரும் பேசமாட்டார்கள், மூடி போட்ட பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவார்கள். அப்படி வளர்ந்தவன் அவன். வாயால் ஒரு சாவைச் சொல்ல அவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பாவிதான். ஆனால் கெட்டவன் இல்லை.

அங்கேயே எரித்த உடலின் சாம்பல் மார்ச் மாதம் தபாலில் வந்தது, அவன் பெயருக்கு. ஒரு ரொட்டி அளவு கறுப்புப் பெட்டி. தரை உறைந்திருந்ததால் ஏப்ரல்வரை தண்ணீர் பம்ப் அறையில், அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தான். தரை இளகியதும் மேட்டில், அப்பா அம்மா வரிசையில், தனக்கென்று வாங்கிவைத்திருந்த இடத்தில் கையால் குழி வெட்டிப் புதைத்தான். கல் வைக்கவில்லை. எப்படி வைப்பான்?

புளிப்புத் தண்டு போட்ட அந்தக் கேக் சூடாக இருந்தது. அவன் முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லவோன் எதிரே நின்று, துவைத்து மடித்த போர்வையை மறுபடி பிரித்து மடித்தாள்.

"தண்ணி இந்தப் படி வரைக்கும் வரும், அவ்வளவுதான். முன்னாடி வந்தப்பவும் மாடியில இருந்தேன், செத்தா போயிட்டேன்?" என்றாள். "ஒருவேளை அவன் டிவியில பாத்துட்டு, அம்மா என்ன ஆனாளோன்னு வந்துட்டான்னு வச்சுக்கோ. ஆள் இல்லாம பூட்டிக் கிடந்தா என்ன நினைப்பான்?"

"வோனி."

"சாப்பிடு மொதல்ல."

"வோனி, அவன் வரமாட்டான்."

"அதத்தான் எல்லாரும் சொல்றீங்க."

"வந்துட்டான்," என்றான் ஆர்லன். "மேட்டுல இருக்கான். நான்தான் புதைச்சேன்."

அவள் போர்வையின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். போன், நெவாடா, நிமோனியா, தபால், பம்ப் அறை. முன்பின்னாகச் சொன்னான், நடுவில் தேதியை மாற்றிச் சொல்லித் திருத்தினான்.

"எப்போ?"

"நாலு வருஷம் ஆச்சு. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

அவள் போர்வையை நாற்காலி முதுகில் போட்டாள். அதை நேராக்கினாள்.

"மாசா மாசம் வந்தியே," என்றாள். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "மாசா மாசம் இந்த மேசையில உக்காந்து காபி குடிச்சியே. அவன் பொறந்தநாளுக்குக் கேக் போட்டேன். ரெண்டு துண்டு தின்னியேடா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம், தின்றான். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னான்.

"எழுந்திரு. எனக்குக் காட்டு."

அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஓட்டினான். தேவாலயத்துக்கு வெளியே மணல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் வண்டியைப் பார்த்துக் கையசைத்தார்கள். லவோனைக் கிளப்பிவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். மெர்ல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஆர்லனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள், கீழே உயிரோடு இருப்பவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல். அப்பாவின் கல், அம்மாவின் கல், லவோனின் கணவன் கல், அதற்கு அடுத்து வெறும் புல். அவன் பூட்ஸ் நுனியால் காட்டப் போய், காலை இழுத்துக்கொண்டு கையால் காட்டினான்.

"இங்கயா?"

"இங்க."

"மேல புல்லு வெட்டினியா?"

"எல்லார் மேலயும் வெட்டறேன், வோனி."

"ஏதாவது சொன்னியா, புதைக்கறப்ப?"

"பரமண்டல ஜெபம் சொன்னேன். பாதியில மறந்துபோச்சு. முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன்."

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். உள்ளங்கையைப் புல்லில் வைத்தாள். அழுதாளா என்று அவன் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. மேட்டிலிருந்து கீழே எல்லாம் தெரிந்தது. ரயில் கரை, பச்சை வெளி, அதன் நடுவில் ஒற்றைக் கூரை. ஆறு வயலைக் கடந்து வந்திருந்தது.

"என் வீடு தெரியுது," என்றாள் லவோன். "வாசலும் தெரியுது."

"ம்."

"நான் அங்க நாற்காலி போட்டு நெடுஞ்சாலையவே பாத்துட்டு உக்காந்திருந்தேன். இந்தப் பக்கம் முதுகு காட்டி. நாலு வருஷம், ஆர்லன். இவன் இங்கேர்ந்து என் முதுகப் பாத்துட்டே இருந்திருக்கான்."

அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, வயதானவர்கள் அழும் அந்த அசிங்கமான சத்தத்தோடு அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள், அவ்வளவுதான்.

"தோண்டு," என்றாள்.

"என்ன?"

"வண்டியில மண்வெட்டி இருக்குல்ல. தோண்டு. சண்டை போட்டப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா உனக்கு? யாருக்கும் தெரியாது. இந்த வாசல்ல இனி கால வைக்காதேன்னு சொன்னேன். அவங்கப்பாவப் பொதைச்ச மறுநாள். அவன் அதுக்கப்புறம் வைக்கல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் சொன்னத நான்தானே திருப்பி வாங்கணும். ஒரு தடவ அவன் அந்த வாசல் வழியா வரட்டும். அப்புறம் வெள்ளம் எடுத்துக்கிட்டுப் போகட்டும், இடிக்கட்டும், என்ன வேணா பண்ணிக்கோங்க."

இதற்கு அனுமதி வாங்க வேண்டும், படிவம் இருக்கிறது, அந்தப் படிவத்தை வைத்திருப்பவனும் அவன்தான். அவன் மண்வெட்டியை எடுத்து வந்தான். முதலில் புல்லைச் சதுரமாக வெட்டிப் பாளம் பாளமாக எடுத்து ஓரத்தில் அடுக்கினான். இரண்டரை அடியில் தார்ப்பாய் தெரிந்தது. அதற்குப் பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் பறித்தான். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் சட்டையால் துடைக்கப் போனபோது அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"இவ்வளவு கனமா," என்றாள். "பொறந்தப்ப இதவிடக் கொஞ்சம்தான் கூட."

வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இருக்கைப் பட்டையை இரண்டு பேருக்கும் சேர்த்து மாட்டிக்கொண்டாள். இந்த முறை மணல் மூட்டைக்காரர்கள் யாரும் கையசைக்கவில்லை. மெர்ல் சாலைக்கு நடுவில் வந்து நின்று, "எங்க போறீங்க, தெரு முங்குது!" என்று கத்தினான். ஆர்லன் அவனைச் சுற்றிக்கொண்டு ஓட்டினான். கண்ணாடியில் பார்த்தபோது மெர்ல் அதே இடத்தில் கையைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

ஆற்றுத் தெருவின் கீழ்க் கோடியில் நடைபாதையைக் காணவில்லை. தண்ணீர் இரைச்சலோடு வரவில்லை. மனை மனையாக, யாரோ வீடு தேடி வருவதுபோல் நின்று நின்று வந்தது. ஆர்லன் வண்டியைப் புல்மேல் ஏற்றி, வாசலுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினான். எஞ்சினை அணைக்காமல் அவளை இறக்கிவிட்டு, முன்னால் ஓடிப்போய் வீட்டுக் கதவைத் திறக்கக் கை வைத்தான்.

"தள்ளு. நான் திறக்கறேன்."

பெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள். உடனே உள்ளே போகவில்லை. நிலைப்படியில் நின்று, குனிந்து, பெட்டியிடம் மெதுவாகப் பேசினாள்.

"வா," என்றாள். "உள்ள வாடா, கண்ணு."

வலது காலை எடுத்துவைத்தாள். பிறகு இடது காலை இழுத்துக்கொண்டாள். பின்னாலேயே ஆர்லனும் படியில் காலை வைத்தான்.

"நீ அங்கயே நில்லு."

கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, மெல்லத்தான். பிறகு பூட்டு திரும்புகிற சத்தம் கேட்டது. இந்த ஊரில் பகலில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. அந்தப் பூட்டு வேலை செய்கிறது என்பதே அவனுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"வோனி, நேரம் இல்ல," என்று கதவில் வாயை வைத்துச் சொன்னான்.

உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். அவனோடு அல்ல. "இந்த அடுப்பு நீ போனப்புறம் வாங்கினது... கூடத்துல பெயின்ட் மாத்திட்டேன், பிடிச்சிருக்கா... உங்கப்பா நாற்காலி அங்கயேதான் இருக்கு, யாரையும் உக்கார விடல..." குரல் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனது. அப்புறம் மாடிப்படி முனகியது. ஒரு படி, ஓய்வு, இன்னொரு படி. ஆர்லன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்து மனையில், வீடு இருந்த சதுரத்தில், புல் கொஞ்சம் தாழ்ந்திருந்த இடத்தில் தண்ணீர் முதலில் நிறைந்து வானத்தைக் காட்டியது. அவன் திறந்தே வைத்திருந்த வண்டியின் வலது கதவுக்குக் கீழே புல் நுனிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மேலே குரல் இன்னும் நிற்கவில்லை.